ஜெனிற்றாவுக்கு வந்த கடதாசி

பாடசாலைகளில் மேலைத்தேய சங்கீதம் படிப்பிக்கப் புதிதாக நியமனம் எடுத்து வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். முப்பத்திரண்டு வருசம் ஊர்காவற்துறையில் அதைத்தான் செய்தேன். கோயில் பாடகர் குழுவையும் நான்தான் பார்த்தேன். சுதி சேர்ப்பது, நோட்ஸ் வாசிப்பது, சோதனைக்கு ஆயத்தப்படுத்துவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாததைப் புத்தகம் சொல்லித் தரும். நான் சொல்லப்போவது நான் விட்ட ஒரு பிழை. அதில் உங்களுக்கு ஆறுதலாக ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சண்டை முடிந்து சில வருசங்களுக்குப் பிறகு இங்கிலாந்திலிருந்து ஒரு இசைக்குழு நடத்துநர் எங்கள் பக்கம் வந்தார். "ஒரு பெரிய கொண்டக்டர் வாறார்" என்று பங்குத்தந்தை பூசையில் அறிவித்தபோது, எனக்குப் பின் வாங்கில் இருந்த மனிசி "எந்த பஸ்ஸுக்காம்?" என்று பக்கத்தில் கேட்டா. எங்களுக்குத் தெரிந்த கொண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறவர்தானே.

அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. தகப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவராம். ஊர் பாண்ட் குழுவில் ஊதப் பழகி, படிப்படியாக மேலே போய், நாற்பது வருசம் பெரிய பெரிய இசைக்குழுக்களை நடத்தியிருக்கிறார். எங்களிடம் வரும்போது ஒரு காது கேளாது. கட்டின மனிசி செத்துப் பல வருசம். ஒரு மகள் இருந்தா. அவவைப் பற்றி அவர் கதைப்பதில்லை. பழைய வயலின்கள் பத்துப் பன்னிரண்டைப் பெட்டிகளில் கொண்டுவந்து, கோயில் வளவிலிருந்த குருமனையில், பங்குத்தந்தையோடு தங்கி, தீவுப் பகுதிப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு குழு அமைக்க வேண்டும் என்றார். நான்தான் அவருக்கு உதவி.

முதல் ஒத்திகையிலேயே அவரிடம் வாங்கிக் கட்டினேன். என்னிடம் கோடு போடுகிற ஒரு மர அடிமட்டம் இருந்தது. பிள்ளைகள் தாளம் பிசகினால் அதால் மேசையில் ஓங்கி அடிப்பேன். அவர் மூலையில் கதிரை போட்டு அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி வந்து, அடிமட்டத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தார்.

"நீர் சத்தம் போட்டால் பிள்ளையள் உம்மைத்தான் கேப்பினம். ஆளையாள் கேக்க மாட்டினம்."

அவர் பேசியது இங்கிலிஸ். நான் எங்கள் பேச்சில் சொல்கிறேன். சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றார். ஒன்றும் செய்யவில்லை. கதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். வெளியே காகம் கத்துவது கேட்டது. அதற்குப் பிறகுதான் கையை இறக்கினார். அன்று எங்கள் பிள்ளைகள் வாசித்தது போல் அதற்கு முன் நான் கேட்டதில்லை. அந்த நாளிலிருந்து நான் மேசையில் அடிக்கவில்லை. இது அவர் எனக்குச் செய்த நன்மை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமில்லை.

அந்தக் குழுவில் முதல் வயலின் ஜெனிற்றா. இது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. பதினாறு வயது, எழுவைதீவுப் பிள்ளை. அங்கேயிருந்து தினமும் படகில் வந்து படிக்க ஏலாது என்று இங்கே கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருந்தாள். தகப்பன் கடற்றொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்க வருவார். ஒத்திகை நடந்தால் உள்ளே வரமாட்டார், உடுப்பு மீன் மணக்கும் என்று வெளியில் வேப்பமரத்துக்குக் கீழே நின்று கேட்பார்.

"உள்ளுக்கை வந்து இருங்கோவன் அண்ணை" என்று ஒருநாள் கூப்பிட்டேன்.

"வேண்டாம் ரீச்சர். இஞ்சை நிண்டே இவள் வாசிக்கிறதைப் பிரிச்சுக் கேப்பன்" என்றார். உண்மையாகவே கேட்டிருப்பார். அவ்வளவு தெளிவாக வாசிப்பாள்.

இனி என்னை அந்தப் பிழைக்குக் கொண்டுபோன கதைக்கு வருகிறேன். நெடுந்தீவிலும் இரண்டு மூன்று பிள்ளைகளைத் தெரிவு செய்ய வேண்டும் என்று குறிகாட்டுவானிலிருந்து படகில் போனோம். அவரோடு இங்கிலாந்திலிருந்து வந்த உதவியாளர், ஒரு இளம் பெண், எனக்குப் பக்கத்தில் இருந்தா. படகு எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தி அவரைப் பற்றிச் சொன்னா. பல வருசத்துக்கு முன், ஒரு பெரிய மண்டபத்தில் அவர் நடத்திக்கொண்டிருந்தபோது, மனிசிக்கு நோய் கடுமை என்று ஆசுப்பத்திரியிலிருந்து செய்தி வந்ததாம். இடைநடுவில் ஒரு துண்டுக் கடதாசியைக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அவர் அதை வாசித்து, மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு, மிச்ச நாற்பது நிமிசத்தையும் நடத்தி முடித்தாராம். போய்ப் பார்க்கும்போது மனிசி செத்துப்போனாவாம். அன்று அவர் நடத்தியது போல் அந்த இசையை வேறு ஒருவரும் நடத்தவில்லை என்று பேப்பர்களெல்லாம் எழுதினவாம்.

அவர் எங்களுக்கு முன்னால்தான் இருந்தார். கேட்கிற காது எங்கள் பக்கம். திரும்பவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கம் என்று நான் நினைத்தேன்.

அந்தக் கதை எனக்குள் போய் இருந்துவிட்டது. எனக்கு அப்போது ஐம்பது வயது. ஒருவரும் பெரிதாக மதிக்காத ஒரு பாடத்தை ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவள். இதுவும் ஒரு பெரிய வேலைதான், இதற்காக மனிதர் இப்படியெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று அந்தக் கதை எனக்குச் சொன்னது. பிள்ளைகளுக்கு அதைச் சொன்னேன். ஒருமுறை அல்ல. யாராவது காய்ச்சல் என்று ஒத்திகைக்கு வராவிட்டால் சொன்னேன். வீட்டில் கலியாணம் என்று கேட்டுக்கொண்டு வந்தால் சொன்னேன். "சேர் என்ன செய்தவர் எண்டு தெரியுமே?" என்று தொடங்குவேன். பிள்ளைகள் கண் வெட்டாமல் கேட்பார்கள்.

கச்சேரி தை மாதத்தில், பின்னேரம் ஐந்து மணிக்கு, கோயில் மண்டபத்தில். அன்று வாடைக்காற்று பலமாக இருந்ததால் எழுவைதீவுப் படகு ஓடவில்லை. ஜெனிற்றாவின் தாய் தகப்பன் வர ஏலாமல் போய்விட்டது. அவள் அழவில்லை, ஆனால் யாரோடும் கதைக்காமல் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பாதியை வெள்ளைக்காரர் நடத்தினார். இடைவேளையில் என்னிடம் வந்து, "மிச்சத்தை நீர் செய்யும். உம்மட ஊர், உம்மட பிள்ளையள்" என்று சொல்லிவிட்டுச் சனத்தோடு சனமாக முன்வரிசையில் போய் இருந்துவிட்டார். மிச்சம் என்பது இருபத்தைந்து நிமிசம் விடாமல் ஓடுகிற ஒரு நீண்ட பாடல். முடிவுக்குக் கிட்ட ஜெனிற்றா தனியாக வாசிக்கிற பகுதி வரும். அவள் இல்லாவிட்டால் அது இல்லை.

தொடங்கி ஏழெட்டு நிமிசம் போயிருக்கும். பக்கக் கதவால் சங்கிலித்தாம் வந்தார். கோயில் மணி அடித்து, பீடம் ஆயத்தம் செய்கிற வயதுபோன மனிசன். குனிந்து வந்து, நோட்ஸ் வைத்திருந்த என் ஸ்ராண்டில் ஒரு துண்டுக் கடதாசியை வைத்தார். வலக்கையால் தாளம் காட்டிக்கொண்டே வாசித்தேன்.

ஜெனிற்றாவின் தகப்பனை நெஞ்சு நோவோடு இங்கே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், அம்புலன்ஸ் யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட ஆயத்தம், மகளைக் கேட்கிறார், உடனே அனுப்பவும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. அந்தக் காற்றுக்குள் யாரோ ஒரு சிறிய படகில் அவரை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"பிள்ளையை அனுப்புங்கோ ரீச்சர். மோட்டச் சைக்கிள் வெளியிலை நிக்குது. மூண்டு நிமிசம்" என்றார் சங்கிலித்தாம் மெதுவாக.

நான் இடக்கையால் பொறுங்கோ என்று காட்டினேன்.

அந்த நேரம் மனம் எவ்வளவு விரைவாக வேலை செய்யும் என்று நீங்கள் நம்பமாட்டீர்கள். இன்னும் பதினேழு நிமிசம். அம்புலன்ஸ் போனால் போகட்டும், முடிந்தவுடன் வாகனத்தில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கே கூட்டிக்கொண்டு போகலாம். நெஞ்சு நோ எத்தனை பேருக்கு வருகிறது, நாளைக்கு எழும்பி இருந்து கதைப்பார். இப்போது சொன்னால் பிள்ளை குழம்பிவிடும், மற்றப் பிள்ளைகளும் குழம்புவார்கள், எட்டு மாத உழைப்பு. இதெல்லாம் நினைத்தேன். இதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன். எனக்குள் ஒரு பெருமை வந்தது. அந்தக் கதையில் வந்த ஆள் இப்போது நான் என்று.

ஜெனிற்றாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அடுத்த பகுதிக்குக் கை காட்டினேன். கடதாசியை நோட்ஸுக்குக் கீழே தள்ளினேன். சங்கிலித்தாம் போகவில்லை, சுவரோடு சாய்ந்து நின்றார்.

தனிப் பகுதியை அவள் ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தாள். முடிந்ததும் சனம் எழும்பி நின்று கைதட்டியது. வெள்ளைக்காரரும் எழும்பி நின்றார். "இன்னொண்டு, இன்னொண்டு" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். சங்கிலித்தாம் ஒரு அடி முன்னுக்கு வந்தார். நான் அவரைப் பார்க்காமல் கையைத் தூக்கினேன். ஆயத்தம் செய்து வைத்திருந்த சின்னப் பாட்டை வாசித்தோம். நாலு நிமிசம்.

அந்தப் பதினேழு நிமிசத்துக்கு ஏதாவது சாட்டுச் சொல்லலாம். இந்த நாலு நிமிசத்துக்கு என்னிடம் சாட்டே இல்லை.

கடதாசியைக் கொடுத்ததும் அவள் வில்லையும் கையில் பிடித்தபடி ஓடினாள். நாங்கள் ஆசுப்பத்திரி வாசலுக்குப் போகும்போது அம்புலன்ஸ் போய்விட்டது. ஒரு வாகனத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனோம். மண்டைதீவுச் சந்திக்குக் கிட்ட வரும்போது தாயிடமிருந்து போன் வந்தது. ஜெனிற்றாதான் எடுத்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தாள். அங்காலே தாய் அழுவது எனக்கும் கேட்டது.

யாழ்ப்பாணத்தில் தாயைக் கண்டோம். அவ மகளைக் கட்டிப்பிடிக்கவில்லை. கதிரையில் இருந்தபடி சொன்னா:

"கேட்டுக்கொண்டே வந்தவர் பிள்ளை. பிள்ளை வாறாளோ, பிள்ளை வாறாளோ எண்டு. வேலணை தாண்டேக்கையும் கேட்டவர். பிறகு கேக்கேல்லை."

மூன்றாம் நாள் எழுவைதீவில் அடக்கம். வெள்ளைக்காரரும் வந்தார், படகில் நனைந்துபோய். சவக்காலையிலிருந்து திரும்பும்போது தாய் சங்கிலித்தாமை மறித்துக் கேட்டா.

"அண்ணை, நீங்கள் கடதாசியை எத்தினை மணிக்குக் குடுத்தனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"முடியிற நேரம்தான் பிள்ளை குடுத்தனான். சனத்துக்குள்ளாலை வர ஏலாமல் போச்சுது."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை, முதலே தந்தவர் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தத் தாய் சங்கிலித்தாமோடு கதைக்கவில்லை. கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்புவா. அந்த மனிசன் அதைத் தாங்கிக்கொண்டு இருந்து, பேசாமலே செத்துப்போனார். இது என் இரண்டாவது பிழை. முதலாவதை விடப் பெரியது என்று சில நாள் நினைக்கிறேன்.

ஜெனிற்றா அதற்குப் பிறகு வயலினைத் தொடவில்லை. துக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

அடுத்த தை மாதம் வெள்ளைக்காரர் திரும்ப வந்தார். குருமனையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் கூட நான் சொல்லாதது. அவருக்கு மட்டும் விளங்கும் என்று நினைத்தேன். சொல்லி முடித்து, "நீங்கள் செய்ததைத்தானே சேர் நானும் செய்தனான்" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு அந்தக் கடதாசி வரேல்லை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"மேடைக்குப் பக்கத்திலை நிண்ட முகாமையாளர் வாங்கி வைச்சிருந்தவர். நிகழ்ச்சி குழம்பிப் போகுமெண்டு. முடிஞ்சாப் பிறகுதான் தந்தவர். ஆசுப்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தான். நான் ஓடியிருப்பன். எனக்குத் தெரிஞ்சிருந்தால் கையிலை இருந்ததை எறிஞ்சுபோட்டு ஓடியிருப்பன்."

"அப்ப பேப்பரிலை…"

"ஆரோ எழுதினவை. முதலிலை எனக்கு மறுக்கிற நிலை இல்லை. பிறகு அந்தக் கதைக்காகவே என்னைக் கூப்பிடத் தொடங்கிச்சினம். நான் பேசாமல் விட்டிட்டன். தாய் சாகக் கிடக்க நான் இசை நடத்தினனான் எண்டுதான் என்ர மகளும் நினைச்சுக்கொண்டிருக்கிறா. இருபது வருசமா என்னோடை கதை இல்லை."

"அந்த முகாமையாளர்?"

"அவர் சாகும்வரைக்கும் நான் அவரோடை ஒரு வார்த்தை கதைக்கேல்லை."

சொன்ன பிறகுதான் தான் யாரிடம் சொல்கிறார் என்று அவருக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அந்தக் கதையில் வந்த பெரிய மனிதர் இல்லை. பக்கத்தில் நின்று கடதாசியை ஒளித்த ஆள். அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"அண்டைக்குப் படகிலை அந்தப் பிள்ளை உமக்குச் சொல்லேக்கை எனக்குக் கேட்டது. அது பொய் எண்டு நான் சொல்லியிருந்தால் நீர் கடதாசியைக் குடுத்திருப்பீர்" என்றார். பிறகு, "அந்தப் பெட்டையிட்டைச் சொல்லும். நான் என்ர மகளுக்குச் செய்ததைச் செய்யாதையும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவர் செத்துப்போனார் என்று ஒரு வருசம் கழித்து உதவியாளர் எழுதினா. பேப்பரில் வந்த அஞ்சலிக் குறிப்பையும் அனுப்பியிருந்தா. பொக்கற்றுக்குள் மடித்து வைத்த கடதாசிதான் முதல் பந்தி.

அவர் சொன்னபடி நான் உடனே போய்ச் சொன்னேனா? இல்லை. பிள்ளைக்குச் சோதனை, சோதனை முடியட்டும் என்றேன். பிறகு அவளுக்குக் கலியாணம். பிறகு பிள்ளைப்பேறு. எனக்கு ஓய்வு வந்தது. சொல்லாமல் இருக்க ஒவ்வொரு வருசமும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

நீங்கள் கேட்க வந்த புத்தி இதில் இவ்வளவுதான். கடதாசி வந்தால் நிப்பாட்டுங்கள். பாதியில் நின்ற பாட்டை யாரும் ஒரு கிழமைக்கு மேல் ஞாபகம் வைத்திருக்கப்போவதில்லை. அதிபர் ஏசுவார், சனம் முணுமுணுக்கும், போய்விடும். மற்றது போகாது. பெரிய ஆட்களைப் பற்றிய கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்ல முன், அந்தக் கதையில் வீட்டில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

ஜெனிற்றாவின் தாய் போன தவக்காலத்தில் செத்துப்போனா. முப்பத்தோராம் நாள் பூசைக்கு நானும் எழுவைதீவுக்குப் போக ஊர்காவற்துறை இறங்குதுறைக்கு வந்தேன். ஜெனிற்றா முதலே வந்து நின்றாள். இப்போது காரைநகரில் கலியாணம் முடித்து, கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்கிறாள். புருசனும் பிள்ளைகளும் முதல்நாளே போய்விட்டார்களாம். படகுக்கு இன்னும் நேரம் இருந்தது. இனிச் சாட்டுச் சொல்ல எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. அந்த வாங்கில் இருந்தபடி சொன்னேன். கடதாசி எப்போது வந்தது, நான் என்ன செய்தேன், சங்கிலித்தாம் ஏன் பொய் சொன்னார், எல்லாம்.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"எனக்குத் தெரியும் ரீச்சர்" என்றாள். "நான் கண்டனான்."

"என்னத்தை?"

"கடதாசி வந்ததை. நான்தானே உங்களுக்கு நல்லாக் கிட்ட இருந்தனான். சங்கிலித்தாம் என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர். நீங்களும் பாத்தனீங்கள். என்ன எழுதியிருக்கெண்டு தெரியாது. ஆனால் எனக்குத்தான் எண்டு தெரியும்."

"பிறகேன் பிள்ளை நீர் எழும்பேல்லை?"

"எழும்பப் பாத்தனான். சேர் முன்னுக்கு இருந்தவர். நீங்கள் சொன்ன கதை ஞாபகம் வந்தது. அவர் விட்டிட்டுப் போகாமல் நிண்டவரெல்லே. அவருக்கு முன்னாலை நான் எழும்பக் கூடாதெண்டு இருந்திட்டன்." கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தாள். "உங்களோடை எனக்குக் கோவம் இல்லை ரீச்சர். நீங்கள் எழும்பாதை எண்டு சொல்லேல்லைத்தானே. நான்தான் இருந்தனான்."

பதினொரு வருசம் அந்தப் பிள்ளை இதைத் தன் பிழை என்று சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். எப்படியாவது அதை அவளிடமிருந்து இறக்க வேண்டும் என்ற அவசரத்தில் சொன்னேன்:

"அந்தக் கதை பொய் பிள்ளை. அவருக்குக் கடதாசி குடுக்கவே இல்லையாம். தெரிஞ்சிருந்தால் ஓடியிருப்பனெண்டு என்னட்டைச் சொன்னவர்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகம் நான் எதிர்பார்த்த முகம் இல்லை.

"இதை ஏன் ரீச்சர் இப்ப சொன்னனீங்கள்?" என்றாள். "அந்தப் பெரிய மனிசனே செய்தவர்தானே எண்டு நினைச்சுத்தான் நான் இவ்வளவு காலமும் நித்திரை கொண்டனான்."

படகுக்காரர் ஆட்களை ஏறச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் எழும்பினாள். இரண்டு அடி போய்த் திரும்பி வந்து, தன் பையிலிருந்த தண்ணிப் போத்தலை எடுத்து நீட்டினாள்.

"குடியுங்கோ ரீச்சர். வெயிலுக்குள்ளை நிக்கிறியள், முகம் வெளிறிப் போச்சுது."

அதை வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தெரியவில்லை. வாங்கிக் குடித்தேன்.